காய்ந்த கோணி

அக்கா,

மல்லிகை வாசனையில் உன் நினைவு வந்தது, மலைக்கோயில் விபூதி வாசனையில் வந்தது என்று எழுதினால் கேட்க நன்றாக இருக்கும். உனக்குப் பொய் பிடிக்காது. எனக்கு உன் நினைவு வந்தது மூத்திர வாடையில். நாய்க்குட்டியின் மூத்திர வாடை.

என் மகள் ஒரு குட்டி வாங்கி வந்திருக்கிறாள். சென்னையில், நாலாவது மாடியில், வெயில்கூட அனுமதி கேட்டு வருகிற வீட்டில். குட்டிக்கு இரும்புக் கூண்டு ஒன்று, அதற்குள் பஞ்சு மெத்தை, தண்ணீர்க் கிண்ணம், கடிக்க ஒரு ரப்பர் எலும்பு. ராத்திரியில் அது கூண்டுக்குள் படுத்து, நனைக்காமல் விடியவைக்க வேண்டுமாம். போன வாரம் ஒரு காலையில் நனைந்த மெத்தையைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றாள். "இன்னிக்கும் நனைச்சிடுச்சும்மா. எங்கயோ தப்பு பண்றேன்" என்றாள். அவள் முகம் விழுந்து கிடந்தது. நான் குனிந்து கூண்டுக்குள் தலையை விட்டேன். வாடை குப்பென்று ஏறியது. புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, கையில் அம்மிக் குழவியோடு நீ வந்து நின்றுவிட்டாய்.

நீ போய் எத்தனையோ வருடம் ஆகிறது. இருந்தாலும் நீ வந்து நின்ற விதத்தைப் பார்த்தால், பக்கத்துத் தெருவுக்குப் போய்த் திரும்பியவள் மாதிரித்தான் இருந்தது.

திருத்தணியில் மலையடிவாரத்துத் தெருவில் அந்த வீட்டுக்கு நீ மூத்த மருமகள், நான் இளையவள். எழுபதுகளின் நடுவில் என்று நினைக்கிறேன். கூடத்தில் இரண்டு குழித்தறிகள். ஒன்றில் மாமா, இன்னொன்றில் என் வீட்டுக்காரர். உன் வீட்டுக்காரர் ஆர்.கே.பேட்டையில் விசைத்தறிக்குப் போய்விட்டு வாரக் கடைசியில் வருவார். கூடத்துக்கும் சமையலறைக்கும் நடுவில் ஒரு நடை. அதன் ஓரத்து அறையில் நீ தனியாகப் படுப்பாய். கல்யாணமாகி வருடங்கள் ஓடியும் உனக்குப் பிள்ளை இல்லை. வீட்டில் யாரும் அதை நேராகச் சொல்ல மாட்டார்கள். சோறு போடும்போது சொல்வார்கள், கோலம் போடும்போது சொல்வார்கள், பக்கத்து வீட்டு வளைகாப்புக்கு உன்னை விட்டுவிட்டு என்னை மட்டும் கூப்பிட்டுக்கொண்டு போவதில் சொல்வார்கள்.

நகரிப் பக்கம் இருந்த உன் தாய்வீட்டுக்குப் போய்விட்டு ஒரு நாள் டவுன் பஸ்ஸில் வந்து இறங்கினாய். மடியில் கூடை, கூடை நிறைய முருங்கைக் கீரை. பஸ்ஸில் நடந்ததை நீயே சொல்லிச் சொல்லிச் சிரித்தாய். கண்டக்டர் கூடையைப் பார்த்தாராம்.

"கூடையில இன்னாம்மா?"

"கீர."

"கீர இன்னாத்துக்கு மொனகுது?"

"எங்கூரு கீர அப்டித்தான் மொனகும். நீ டிக்கெட்ட குடு."

கீரையை விலக்கியதும் உள்ளே தேயிலைத்தூள் நிறத்தில் ஒரு கைப்பிடி உயிர். தூளு என்று பேர் வைத்தாய்.

ஆடிக் கிருத்திகை நெருங்கிக்கொண்டிருந்த சமயம். மாமா வருடா வருடம் பூக்காவடி எடுப்பவர். விரதம் தொடங்கிவிட்டார். வீட்டில் வெங்காயம்கூட உரிக்க முடியாது. அந்த நேரத்தில் நாயைக் கொண்டுவந்தால் விடுவார்களா? அத்தை வாசலிலேயே மறித்தாள். ஆனால் குட்டியைத் தெருவில் விடவும் வழியில்லை. திருவிழாக் கூட்டம் வருவதற்கு முன்னால் தெரு நாய்களை ஒழிப்பதென்று, விடிகாலையில் சுருக்குக் கம்பியோடு ஆட்கள் வருவது அப்போது வழக்கம். தெருவில் கிடக்கிற குட்டி மறுநாள் இருக்காது. அது உனக்கும் தெரியும், அத்தைக்கும் தெரியும்.

"கிருத்திகை முடியற வரைக்கும் ராத்திரியில இது உள்ளதான் படுக்கும்" என்றாய்.

மாமா தறியை விட்டு எழுந்திருக்கவில்லை. குழியில் உட்கார்ந்தபடியே சொன்னார். "விரதம் நடந்துகினு கீது. பாவு கீற வூடு வேற. சாமி மேல பாரத்தப் போட்டு வேல செய்யறோம்."

"மாமா, கோயில்ல பைரவர் பக்கத்துல நிக்கறது இன்னா, ஆடா?"

மாமாவுக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டார். "சரிம்மா. ஒண்ணு சொல்றேன் கேட்டுக்க. வூட்டுக்குள்ள ஒரு சொட்டு பட்டுச்சுன்னா அன்னிக்கே தெருவுல. அப்பால எங்கிட்ட வந்து நிக்காதே."

நெசவாளி வீட்டில் அது அநியாயமான நிபந்தனை இல்லை. கஞ்சி போட்டுக் காயவைத்த பாவு, தறியில் ஏற்றப்போகிற நீள நூல், கூடத்தில் சுருட்டி வைத்திருக்கும். அதில் ஈரம் பட்டால் இழை ஒட்டி, நெய்யும்போது அறுந்து அறுந்து போகும். என் பிறந்த ஊர் அம்மையார்குப்பமும் நெசவு ஊர்தான். பாவின் அருமை தெரிந்துதான் வளர்ந்தேன். ஆனாலும் குட்டியின் உயிரை ஒரு சொட்டில் தொங்கவிட்டது எனக்குப் பிடிக்கவில்லை.

நீ புலம்பவில்லை. பஸ் ஸ்டாண்டு டீக்கடைக்குப் போய், டீத்தூள் வருகிற மரப்பெட்டி ஒன்றைக் கேட்டு வாங்கி, தலையில் வைத்துக்கொண்டு வந்தாய். ஓரமெல்லாம் தகரம் அடித்த பெட்டி. அதைப் பக்கவாட்டில் படுக்கவைத்து, திறந்த பக்கத்துக்குச் சட்டங்களைக் குறுக்கே அடித்து, ஒன்றை மட்டும் விலக்கித் திறக்கும்படி விட்டாய். சுத்தியல் இல்லை. அம்மிக் குழவியால் அடித்தாய். அத்தைக்கு ஆத்திரம் தாங்கவில்லை.

"புள்ள வளக்க வேண்டிய கையி, நாய்க்குப் பெட்டி அடிச்சிகினு கீது."

"கையி சும்மா இல்லியே அத்தே, அதுக்கு சந்தோசப்படுங்க."

உன் வாய்க்கு நான் அன்றைக்கே அடிமை. நானும் பேசுகிறவள்தான், ஆனால் எனக்குப் பதில் மறுநாள்தான் தோன்றும். உனக்கு அந்த இடத்திலேயே வரும்.

நல்லவேளையாக அன்றைக்கு மாமா சொன்ன சொட்டு பெட்டிக்கு வெளியில்தான் விழக்கூடாது என்று நீயே ஒரு பொருள் வைத்துக்கொண்டாய். ஏனென்றால் முதல் ராத்திரியே தூளு நனைத்துவிட்டது. மறுநாளும் நனைத்தது. அதற்கு மறுநாளும். கீழே கசியாமல் பெட்டியே வாங்கிக்கொண்டது. மாமா எழுந்திருக்குமுன் நாம் இரண்டு பேரும் திருடிகளைப் போலப் பெட்டியைப் புழக்கடைக்குத் தூக்கிக்கொண்டு போய்க் கழுவுவோம். தேயிலை வாசனையும் மூத்திர வாடையும் சேர்ந்த அந்த நாற்றத்தை இன்றைக்கும் ஆயிரம் நாற்றத்தில் தனியாகக் கண்டுபிடிப்பேன்.

எதிர்வீட்டுக்காரி யோசனை சொன்னாள். "மூஞ்சிய புடிச்சி அதுலயே தேச்சி வுடு. அப்பால செய்யாது."

"உம் புள்ளைக்கு அப்டித்தான் செஞ்சியா?" என்று கேட்டாய். அவள் அதற்குப்பிறகு நம் வீட்டுப் பக்கம் தண்ணீருக்குக்கூட வரவில்லை.

ஆனால் எனக்குப் பயம். கிருத்திகைக்கு அம்மையார்குப்பத்திலிருந்தும் மற்ற ஊர்களிலிருந்தும் சொந்தம் வந்து இறங்கும். கூடம் முழுக்கப் பாய் விரித்துப் படுப்பார்கள். அப்போது பெட்டியைக் கழுவுவது எப்படி? ஒரு வாய் திறந்தால் போதும், குட்டி தெருவுக்குப் போய்விடும். நீயும் உள்ளுக்குள் பயந்தாய் என்று எனக்குத் தெரியும். குட்டியின் காதை நீவுகிற உன் கை அடிக்கடி நின்றுபோகும்.

குட்டி தினமும் நனைப்பதன் காரணத்தைக் கண்டுபிடித்தவள் நான். இதை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன், அக்கா. கிணற்றடியில் குட்டியின் படுக்கையை அலசிக்கொண்டிருந்தேன். நாம் அதற்குப் போட்டிருந்தது தறியின் கழிவு நூல். வீட்டில் மெத்தென்று கிடைப்பது அதுதானே. வாளித் தண்ணீர் பால் மாதிரி வெளுத்தது. நூலை விரித்துப் பார்த்தேன். பாதி நூல் சப்பிச் சப்பி நைந்துபோயிருந்தது.

"அக்கா, இது ராத்திரி பூரா துன்னுகினு கீது" என்றேன்.

"இன்னாத்த?"

"கஞ்சிய. நூல்ல கீற கஞ்சிய."

கிணற்றடியில் உட்கார்ந்து நீ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். பாவுக்குப் போடுகிற கஞ்சியில் அரிசி இருக்கிறது, எண்ணெய் இருக்கிறது. குட்டிக்கு அது விருந்து; ராத்திரி பூரா சப்பினால் ராத்திரி பூரா போகாமல் என்ன செய்யும்? உலகத்தில் வேறு யாரும் செய்யாத தப்பை நெசவாளி வீட்டு மருமகள்கள் இரண்டு பேர் செய்திருந்தோம். குட்டியை மெத்தை மேல் படுக்கவைக்கிறோம் என்று நினைத்துக்கொண்டு சாப்பாட்டு மேலேயே படுக்கவைத்திருந்தோம். போதாததற்கு விளக்கு வைத்தபின் கேழ்வரகுக் கூழ் வேறு, தண்ணியாக, ஒரு கிண்ணம்.

அன்றைக்கே எல்லாவற்றையும் மாற்றினோம். கழிவு நூல் போயிற்று, அலசிக் காயவைத்த கோணி ஒன்று வந்தது. நீ பெட்டியைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தாய். "ஒரு மூலையில படுத்துகினு இன்னொரு மூலையில போவுது பாரு. நமக்கே ரெண்டு ரூமு இல்ல, இதுக்கு ரெண்டு ரூமு" என்றாய். பழைய தறிப் பலகை ஒன்றை உள்ளே குறுக்கே செருகி, எழுந்து நிற்கவும் திரும்பிப் படுக்கவும் போதுமான அளவுக்கு இடத்தைச் சுருக்கினாய். படுக்கிற இடத்தை நனைக்க எந்தக் குட்டியும் விரும்பாது என்பது நமக்கு யாரும் சொல்லித் தெரிந்ததில்லை. பார்த்துத் தெரிந்துகொண்டோம்.

சாயங்காலம் வெளிச்சம் இருக்கும்போதே கெட்டியாகப் பிசைந்த சோறு. விளக்கு வைத்ததும் தண்ணீர்க் கிண்ணத்தை எடுத்துவிடுவோம். படுக்கப்போகுமுன் புழக்கடை முருங்கை மரத்தடிக்குக் கூட்டிப்போவாய், தினமும் அதே இடத்துக்கு. உன் தாய்வீட்டுத் தெலுங்கில் ஒரே ஒரு சொல் சொல்வாய். "பத." புறப்படு என்று அர்த்தம். அது முகர்ந்து, சுற்றி, யோசித்து, கடைசியில் போகும். போனதும் காதை நீவிக்கொடுப்பாய். நடு ராத்திரியில் ஒரு தடவை முனகினால் நீயோ நானோ தூக்கிக்கொண்டு போவோம். விளையாட்டு கிடையாது, கொஞ்சல் கிடையாது, போன வேலை முடிந்ததும் பெட்டி. அது கொஞ்சச் சொல்லிக் கண்ணைக் காட்டும். நீ முகத்தைத் திருப்பிக்கொள்வாய்.

அப்படியும் விடியும் சமயத்தில் ஒன்றிரண்டு நாள் நனைந்தது. அதற்குக் காரணம் தறி. மாமா குழியில் இறங்கி முதல் மிதி மிதித்ததும் தறிச் சட்டம் தடதடவென்று அடிக்கும். தூளு திடுக்கிட்டு எழுந்து அங்கேயே விட்டுவிடும். அதனால் மாமாவுக்கு முன்னால் எழுந்திருக்க வேண்டியதாயிற்று. அந்த வீட்டில் மாமாவுக்கு முன்னால் எழுந்தவர்கள் அதுவரை யாரும் இல்லை. "நாய் வந்தப்பறம்தான் இந்த வூட்டு மருமகளுங்களுக்கு பொழுது விடியறது தெரியுது" என்று அத்தை சொன்னாள். சொல்லட்டும். கோணி காய்ந்திருந்தது. அதைத் தினமும் நீ கன்னத்தில் வைத்துப் பார்ப்பாய்.

கிருத்திகை வந்தது. தெருவெல்லாம் மஞ்சள் துணியும் அரோகரா சத்தமும். வீடு நிறையச் சொந்தம். பூக்காவடி கட்டிக் கூடத்து மூலையில் வைத்தாயிற்று. அதைச் சுற்றிலும் படுக்க இடமில்லாமல் ஆட்கள். பெட்டியை நடையில், உன் அறை வாசலில் வைத்தோம். நாம் இரண்டு பேரும் சரியாகத் தூங்கவில்லை. விடியுமுன் நீ தூளுவைத் தூக்கிக்கொண்டு போய்வந்து பெட்டியில் விட்டாய். எல்லாம் ஒழுங்காக நடந்தது.

விடிந்ததும் அத்தை அலறினாள். காவடிக்கு இரண்டு சாண் தள்ளித் தரையில் ஈரம். அது தண்ணீர் இல்லை என்று வாடையே சொன்னது.

"நான் சொன்னேனா இல்லியா? சாமி காவடிகிட்டயே. இப்ப இன்னா சொல்லப் போறே?"

எல்லோரும் எழுந்து நின்றார்கள். மாமா குளித்துவிட்டு ஈர வேட்டியோடு வந்தார், நெற்றி நிறைய விபூதி. அவர் ஈரத்தைப் பார்த்தார், உன்னைப் பார்த்தார். "பெட்டிய எட்து வெளிய வெய்யி" என்றார்.

நீ வாசல் பக்கம் போகவில்லை. பெட்டியைக் கூடத்து நடுவில் இழுத்துக்கொண்டு வந்தாய். சட்டத்தை விலக்கித் தூளுவைத் தூக்கி என் கையில் கொடுத்தாய். உள்ளேயிருந்து கோணியை உருவி எடுத்து அத்தனை பேருக்கும் முன்னால் நீட்டினாய்.

"தொட்டுப் பாருங்க."

ஒருத்தரும் தொடவில்லை. நாய் படுத்த கோணியைத் திருநாளும் அதுவுமாய் யார் தொடுவார்கள்? அப்போதுதான் நாத்தனாரின் சின்ன மகள், பாயில் உட்கார்ந்திருந்த மூன்று வயதுக்காரி, நனைந்த பாவாடையைப் பிடித்துக்கொண்டு அழ ஆரம்பித்தாள். நாத்தனார் ஓடிப்போய் அவளைத் தூக்கினாள். கூடத்தில் சிரிப்பு. "புள்ளதானே, தொடைச்சி வுடு" என்று அத்தையே சொன்னாள். நிமிஷத்தில் ஒருத்தி துணி கொண்டுவந்து துடைத்தும்விட்டாள்.

நீ நீட்டிய கையை மடக்கவில்லை.

"புள்ளைன்னா தொடைச்சி வுடுவீங்க. குட்டின்னா சாவ வுடுவீங்க. அப்டித்தானே அத்தே?"

சிரிப்பு நின்றது. அத்தைக்கு அப்போது இரக்கம் வந்துவிட்டது. கோபத்தைவிட அந்த இரக்கம் மோசம். உன் தோளைத் தொட்டு, எல்லோர் காதிலும் விழும்படி, "அழாதடி. இத வளத்த கையி நாளிக்கு ஒரு புள்ளைய வளக்கும். முருகன் கண்ணு தொறப்பான்" என்றாள்.

நீ அழுதுகொண்டிருக்கவே இல்லை. அவள் கையைத் தோளிலிருந்து மெல்ல எடுத்துவிட்டாய்.

"அத்தே, இது எனக்குப் புள்ள இல்ல. நாயி. நாயின்னுதான் வளக்கறேன், நாயின்னுதான் புடிக்கும். புள்ளைக்கு பதிலுன்னு எதையும் நான் வளக்கல. எனக்கு ஒண்ணும் கொறையில்ல. உங்களுக்கு கொறையா தெரிஞ்சா, அத நீங்க வெச்சிகோங்க."

திருநாளன்று, சொந்தம் சூழ, ஒரு மருமகள் இப்படிப் பேசி நான் கேட்டதில்லை. தூளு என் கையில் கொட்டாவி விட்டது.

மாமா முன்னால் வந்தார். உன் கையிலிருந்த கோணியை உள்ளங்கையால் அழுத்தித் தொட்டார், பாவில் ஈரம் இருக்கிறதா என்று பார்ப்பாரே அப்படி. ஒரு மூலை விடாமல் தொட்டார். அத்தை "விரதம், விரதம்" என்று பதறினாள். அவர் கிணற்றடிக்குப் போய்த் தலையோடு இன்னொரு முழுக்குப் போட்டுவிட்டு வந்தார். காவடியைத் தோளில் ஏற்றிக்கொண்டு வாசலைத் தாண்டும்போது திரும்பாமலே சொன்னார். "குட்டி உள்ளயே இருக்கட்டும். கதவ சாத்திக்கோங்க, தெருவுல கும்பல் கீது."

தூளு அந்த வீட்டில் கிழமாகித்தான் செத்தது. உனக்குக் கடைசிவரை பிள்ளை பிறக்கவில்லை. உன் சாவுக்கு வந்தவர்கள் "பாவம், ஒண்ணும் இல்லாம போய்ட்டா" என்று பேசிக்கொண்டார்கள். என்ன இல்லாமல் போனாய் என்று கேட்டேன். அன்றைக்கு மட்டும் எனக்குப் பதில் அந்த இடத்திலேயே வந்தது.

இப்போது என் மகள் விஷயத்துக்கு வருகிறேன். அவளும் அவள் வீட்டுக்காரனும் பிள்ளை வேண்டாம் என்று முடிவு செய்திருக்கிறார்கள். எனக்கு முதலில் சங்கடமாகத்தான் இருந்தது, உன்னிடம் மறைப்பானேன். பிறகு உன்னை நினைத்துக்கொண்டேன். கூண்டில் பஞ்சு மெத்தையை எடுத்துவிட்டு மெல்லிசாக ஒரு துணி போட்டேன். உள்ளே ஒரு பலகையைக் குறுக்கே வைத்தேன். தண்ணீர்க் கிண்ணம் விளக்கு வைத்ததும் அலமாரிக்குப் போய்விடுகிறது. லிஃப்டில் கீழே இறங்கி, தோட்டத்து ஓரத்தில் நின்று "பத" என்கிறேன். "அது என்னம்மா பாஷை?" என்று மகள் கேட்டாள். "உங்க பெரியம்மா பாஷை" என்றேன்.

இன்று காலையில் குடியிருப்புச் சங்கத்தின் செயலாளர் வாசலில் வந்து நின்றார். சலவை செய்த சட்டை, கையில் செல்போன். "நாய் நாத்தம் வருதுன்னு கீழ் வீட்ல கம்ப்ளெயின்ட் மேடம். நாயை அனுப்பிடுங்க" என்றார். மகள் பேச வாயெடுத்தாள். அவர் அவளைப் பார்க்காமல் என்னிடம் குரலைத் தாழ்த்தினார். "காலாகாலத்துல ஒரு குழந்தை பெத்துக்கிட்டா இதெல்லாம் தேவையிருக்காது, இல்லீங்களா?"

மகள் முகம் சிவந்தது. நான் அவளைத் தள்ளிக்கொண்டு முன்னால் வந்தேன்.

"இது எங்களுக்குப் புள்ள இல்லீங்க. நாய். நாயின்னுதான் வளக்கறோம். எங்களுக்கு ஒண்ணும் கொறையில்ல. உங்களுக்குக் கொறையா தெரிஞ்சா, அதை நீங்க வெச்சிக்கோங்க."

சொல்லிவிட்டு உள்ளே போய்க் கூண்டிலிருந்து துணியை உருவிக்கொண்டு வந்தேன். எடுக்கும்போதே கைக்குத் தெரிந்தது, இரவு முழுக்க ஒரு சொட்டு இல்லை. அதை அவர் முகத்துக்கு நேராக நீட்டினேன்.

"தொட்டுப் பாருங்க."

அவர் இரண்டடி பின்னால் போனார். விரதமும் விபூதியுமாக நின்ற மாமாவுக்கு இருந்த நெஞ்சு, சலவைச் சட்டைக்கு இல்லை, அக்கா. லிஃப்டுக்குக்கூட நிற்காமல் படியிலேயே இறங்கிப் போய்விட்டார். திரும்ப வருவார் என்று தெரியும். வரட்டும். துணியை மடிக்காமல் கையெட்டுகிற இடத்தில் வைத்திருக்கிறேன்.